சாவிக்கு ஓர் அமைச்சர்

தலைவிக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ஏழாம் வகுப்பே ஓட்டுப் போட்டு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. கடைசி மணிக்குள் அவள் விளையாட்டு அமைச்சரை அறிவிக்க வேண்டும். பந்து அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். போன வருட அமைச்சர் தன் கூட்டாளிகளுக்கு மட்டுமே பந்து கொடுத்தார். மறுபடி அப்படி நடந்துவிடக் கூடாது.

போட்டியில் இரண்டு பேர். ஒருத்தி உயிர்த்தோழி பஞ்சு. இன்னொருவன் முணுமுணு. வெயிலடித்தாலும் குறை சொல்வான், மழை பெய்தாலும் குறை சொல்வான்.

அன்றுதான் வரலாற்று டீச்சர் ஒன்று சொல்லியிருந்தார். அந்தக் கால ராஜாக்கள் படிப்பையும் குடும்பத்தையும் மட்டும் பார்த்து அமைச்சரை வைக்க மாட்டார்களாம். ரகசியமாக ஆள் அனுப்பி, "ராஜாவைக் கவிழ்த்துவிடலாம், வருகிறீர்களா?" என்று காதில் ஓதச் சொல்வார்களாம். ஆசை காட்டுவார்களாம், பயமுறுத்துவார்களாம். அசையாதவருக்கே பதவி.

நாமும் செய்து பார்த்தால் என்ன? தலைவி உடனே முடிவு செய்துவிட்டாள்.

ஒற்றர் வேலைக்கு வகுப்புத் தோழி ரேடியோவைப் பிடித்தாள். வகுப்பு அவளுக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

"என்னை மாத்திடலாம்னு சொல்லு. கூட வந்தா சாவி தர்றதா ஆசை காட்டு."

இடைவேளையில் தலைவி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ரேடியோ பஞ்சுவின் காதில் நெடுநேரம் கிசுகிசுத்தாள்.

"உயிரே போனாலும் தலைவிக்குத் துரோகம் செய்ய மாட்டேன்" என்று பஞ்சு மைதானத்துக்கே கேட்கும்படி முழங்கினாள். தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து முணுமுணு. ரேடியோ பாதி சொல்வதற்குள் அவன் எழுந்து, தலைவியைத் தேடி வந்துவிட்டான்.

"உன்னைக் கவுக்கப் பாக்கறாங்க. எங்கிட்டயே பேரம் பேசறாங்க. பாத்து இரு."

"நீ வேணாம்னுட்டியா?"

"பின்ன? உன் மேல குறை இருந்தா உங்கிட்டதானே சொல்லணும்? இருக்கு. சனிக்கிழமை நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போன பந்து இன்னும் வரலை."

தலைவிக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குள் பஞ்சு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நான் பாஸ்தானே? சோதனைன்னு ரேடியோ முதல்லயே சொல்லிட்டா."

"சோதனையா?" என்றான் முணுமுணு.

"ஆமா. ரெண்டு பேரும் மன்னிச்சுக்கோங்க" என்றாள் தலைவி.

"முதல்ல ரேடியோவையில்ல சோதிச்சிருக்கணும்" என்று அவன் முணுமுணுக்க, மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

கடைசி மணிக்கு முன் சாவி முணுமுணுவிடம் போனது. முதலில் கை தட்டியது பஞ்சு.

"வருத்தமா?" என்று தலைவி மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்சம். ஆனா நானா இருந்தா அந்தப் பந்தை உங்கிட்ட கேட்டிருக்க மாட்டேன்."

புது அமைச்சர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலைவியிடம் கை நீட்டினார்.

"பந்து?"

மணி அடித்ததும் தலைவி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள்.