மூத்தாள் கேட்ட பலி!

"ஐயோ... மூத்தா வந்துட்டாடி!"

1989. புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட் லயத்து வீடுகளையே அந்த அலறல் உலுக்கியது.

காலை வேலைக்குக் கிளம்பிய சனம் லோரி டிரைவர் சேதுவின் வாசலில் கூடியது. உள்ளே, பாயில் நல்லம்மாள். அவனுடைய இரண்டாம் சம்சாரம்.

பாயெல்லாம் ரத்தம்!

கழுத்தில் தாலியோடு மூத்தாள் பில்லை. செத்துப்போன முதல் மனைவியைச் சாந்தப்படுத்த, இளையவள் கட்டிக்கொள்ளும் பொட்டுத் தங்கம்.

"மூத்தவ அன்னம்மாவும் இப்படித்தானே ரத்தம் போய்ச் செத்தா..."

பிணத்தைத் தொட ஒருத்திக்கும் தைரியமில்லை.

நல்லம்மாளின் அண்ணன் உடையப்பன் மட்டும் பேயை நம்பவில்லை.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல! இவன்தான் விஷம் வெச்சு ரெண்டு பேரையும் முடிச்சிட்டான்!"

உடையப்பனின் மனைவி தங்கமணி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கேட்பானா மனுஷன்?

சேது லாக்கப்பில். கேஸ் உறுதியானால் தூக்குதான்!

மறுநாள் பகல். கோலசிலாங்கூர் போலீஸ் நிலையம்.

"உண்மையைச் சொல்லுலா. என்னத்தக் கலந்த?" இன்ஸ்பெக்டர் தனபாலன் அதட்டினார்.

"சத்தியமா இல்ல சார்!" கம்பிக்குப் பின்னால் சேது அழுதான். "நல்லம்மாவுக்கு மாசக்கணக்கா ரத்தம் போச்சு. கிளினிக் போலாம்னேன். மூத்தா கோபம்னு சேலை வெச்சுப் படைச்சா. நானும் நம்பிட்டேன்... ராத்திரியில அன்னம்மா தலைமாட்டுல நிக்கிறா சார்!"

பேய்க்குப் படையல் போட்டவள் டாக்டருக்கு முகம் காட்டவில்லை. விதி!

மனைவியோடு வந்து நின்ற உடையப்பன் பல்லைக் கடித்தான். அந்த நேரம், பிணத்தைப் பரிசோதித்த டாக்டர் கங்கா உள்ளே வந்தாள்.

"அவரை விட்டுடுங்க இன்ஸ்பெக்டர். விஷம் இல்ல. கர்ப்பப்பை வாயில கேன்சர். முதல் சம்சாரத்துக்கும் அதுவாத்தான் இருக்கணும்."

"அப்ப கொலைகாரனே இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கான். ஒரு வைரஸ்! நம்ம செல்லுக்குள்ள பிரேக் மாதிரி ஒரு புரதம் இருக்கு. வைரஸோட புரதம் போய் அந்த பிரேக்கைப் பிடிச்சு முடக்கிடுது. இந்த வருஷம்தான் வெளிநாட்டுல கண்டுபிடிச்சாங்க. செல்லு நிக்காம பெருகும்... எல்லாருக்கும் இல்ல. சிலருக்கு, பல வருஷம் கழிச்சு."

"எங்கேருந்து வந்துச்சு?"

கங்கா தயங்கினாள். "பெரும்பாலும்... புருஷன்கிட்டேருந்து. அவருக்கே தெரியாது."

சேதுவின் முகம் வெளுத்தது.

"அப்ப... நாங்க பயந்த பேய் நான்தானா டாக்டர்?"

உடையப்பனுக்கே பாவமாகிவிட்டது.

"மன்னிச்சிடுங்க மாப்ள..." என்றான்.

இன்ஸ்பெக்டர் பூட்டைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்," கங்கா குரலைத் தாழ்த்தினாள். "சேது, வேற பொம்பளைங்க யாராச்சும் உண்டா? சீக்கிரம் பார்த்தா உசுரக் காப்பாத்திடலாம்."

சேது தலையைக் குனிந்துகொண்டான்.

உடையப்பனின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல்...

"டாக்டரம்மா..." தங்கமணி முன்னால் வந்தாள். "எனக்கும் ரெண்டு மாசமா ரத்தம் போவுது. நான் சாவ விரும்பல. காப்பாத்துங்க!"

உடையப்பன் மெதுவாகச் சேதுவின் பக்கம் திரும்பினான்.

'க்ளிக்!'

இன்ஸ்பெக்டர் மறுபடியும் பூட்டைப் போட்டார்.

"உள்ளயே இருலா சேது... கொலைக் கேஸ் இனிமேதான் வரப்போவுது!"