கேட்காமல் விட்ட எண்பத்தொன்பது

எகிப்தின் டமன்ஹூரில் ஜனவரி மழை பெய்தால் தெருக்கள் கஞ்சியாகிவிடும். சேற்றை மிதித்துக்கொண்டு மதியம் மூன்று மணிக்கு அந்தப் பழைய பருத்திக் கம்பெனிக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாவது மாடியில் எங்கள் பயிற்சி நிலையம். லிஃப்ட் ஓடி நான் பார்த்ததில்லை. படிக்கட்டு முழுக்க நனைந்த சாக்கின் வாடை. பஞ்சு மூட்டைகள் போய் முப்பது வருடம் ஆகியும் அந்த வாடை மட்டும் போகவில்லை.

என் பெயர் நக்வான். மாணவிகள் 'பாஷ்முஹந்திஸா' என்று கூப்பிடுவார்கள். என்ஜினியருக்கு இங்கே அதுதான் பட்டம். வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்ப்பதைப் பெண்களுக்கு ஆன்லைனில் கற்றுத் தருகிறேன். போன வருடம் என் வீட்டிலிருந்தே நடத்தினேன். இந்த முறை வீட்டு இணையம் சதி செய்ததால் நிலையத்தின் கணினியில் உட்கார வந்திருந்தேன்.

ஆன்லைன் வகுப்பின் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். திரையில் அறுபது கறுப்புக் கட்டங்கள். கேமராவை யாரும் போடமாட்டார்கள். பெயர்களை நம்பவும் முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன் இருக்கும், அது அப்பாவின் பெயரில் இருக்கும், அதிலிருந்து மகள் பேசுவாள், மறுநாள் மருமகள் பேசுவாள். 'ஹாஜ் மஹ்ரூஸ்' என்ற கட்டத்துக்குள்ளிருந்து பத்தொன்பது வயதுப் பெண் கேள்வி கேட்டால் நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முகம் இல்லாத இடத்தில் பழக்கம் எப்படி உண்டாகும்? நான் ஒரு வழி வைத்திருந்தேன். முதல் வாரம் ஒவ்வொருத்தியும் ஒரு குரல் பதிவு அனுப்ப வேண்டும். தன் பெயரைச் சொல்லிவிட்டு, வீட்டில் ஓடும் ஏதாவது ஒரு சாதனத்தின் சத்தத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஃபிரிட்ஜோ, தண்ணீர் மோட்டாரோ, எதுவானாலும் சரி. சாதனங்கள் பொய் சொல்லாது. மோட்டாரின் முனகலை வைத்தே அதன் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். "உங்க ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கு, சரிதானே?" என்று ஒருத்தியிடம் கேட்டுப் பாருங்கள். வருடம் முழுக்க அவள் உங்கள் வகுப்பைத் தவறவிடமாட்டாள்.

போன வருடம் நூற்றுப்பத்துப் பேர் சேர்ந்தார்கள். பதிவுகள் நிலையத்தின் எண்ணுக்கு வரும். அலுவலகத்தில் குரல்களை மட்டும் பிரித்து எனக்கு அனுப்புவார்கள். இருபத்தொன்றைக் கேட்டேன். மீதியை அப்புறம் கேட்கலாம் என்று வைத்தேன். பாடம் தொடங்கியது, பரீட்சை வந்தது, அந்த 'அப்புறம்' வரவே இல்லை. நிர்வாகி ஷவ்கத்துக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஹீட்டர் பாடுவதைக் கேட்கவா சம்பளம் வாங்குகிறாய் என்று சிரித்தார். கிடைத்தது என்று எல்லாருக்கும் தானாகவே ஒரு பதில் போய்விடும், கவலைப்படாதே என்றார்.

அந்தப் பதிலில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

கணினியைத் திறந்தேன். புது வகுப்புக்கான அறிவிப்பை நான் இன்னும் அனுப்பியிருக்கவில்லை. அதற்குள் ஒரு குரல் பதிவு வந்து நின்றது. பெயர்: ஃபத்ஹி கந்தீல். புதிதாகச் சேர்ந்தவர்கள் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. அப்பாவின் போன் என்று நினைத்துக்கொண்டேன். ஆர்வக்கோளாறு, யாரோ சொல்லிக் கேட்டு முன்கூட்டியே அனுப்பிவிட்டாள் என்று சிரித்தபடி ஹெட்போனை மாட்டினேன்.

"என் பேரு ரிஹாப். இது எங்க குளியலறை ஹீட்டர். கேளுங்க."

இளம் குரல். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது.

குழாய் திறந்தது. டிக், டிக், டிக் என்று பொறி தட்டியது. உடனே பற்றவில்லை. நான்கு விநாடி கழித்துத்தான் 'பொம்' என்று பற்றியது. காஸ் ஹீட்டர் அப்படிப் பற்றக்கூடாது. அதன்பின் சுவாலையின் சத்தம். காற்று தாராளமாகக் கிடைக்கும் சுவாலை ஒரே சீராக இரையும். இது காற்றில் துணி அடித்துக்கொள்வதுபோலப் படபடத்தது. புகைக்குழாய் அடைத்திருந்தால், ஜன்னலும் மூடியிருந்தால், நெருப்பு அரைகுறையாக எரிந்து ஒரு வாயுவைக் கக்கும். அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. இருமல்கூட வராது. தூக்கம்தான் வரும்.

ஐம்பதாவது விநாடியில் ஒரு பிளாஸ்டிக் குவளை தரையில் விழுந்து உருண்டது.

பிறகு தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.

நான் ஹெட்போனைக் கழற்றுவதற்குள் என் கண்முன்னே, என் கை படாமலே, திரையில் பதில் போனது.

'உங்கள் குரலைக் கேட்டேன். மிக்க மகிழ்ச்சி. இன்று முதல் நாம் ஒரே குடும்பம். பொறியாளர் நக்வான்.'

என் பெயர் போட்டிருந்தது.

அடுத்த நொடி அதற்கு ஒரு வரி வந்தது. 'நிஜமாவே கேட்டீங்களா?'

ஷவ்கத்தின் மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் முதலில் அந்தப் பெண். எண்ணை அழைத்தேன். நான்கு முறை மணி அடித்த பிறகு யாரோ எடுத்தார்கள். மூச்சு விடாமல் கத்தினேன். "ரிஹாப், ஹீட்டரை அணை. காரணம் அப்புறம் சொல்றேன், முதல்ல அணை."



"அந்தப் பேரை யாரு சொன்னா உங்களுக்கு?"

வேறு குரல். தடித்த, களைத்த குரல். அவள் பெயர் நஹ்லா என்றாள். இந்த வருடம் வகுப்பில் சேர்ந்திருப்பது அவள்தான். பதிவு எதுவும் அனுப்பவில்லை. போன் காலையிலிருந்து சார்ஜரில் கிடக்கிறது. ரிஹாப் அவளுடைய அக்கா.

"அக்கா செத்து ஒரு வருஷம் ஆகப்போகுது" என்றாள். "குளிக்கப் போனவ."



அப்போது அவள் குரலுக்குப் பின்னால், வீட்டின் உள்ளே எங்கோ, குழாய் திறந்தது.

டிக். டிக். டிக்.

பொம்.

"குளியலறையில யாரு?"

"அம்மா. ஏன்? அது புது ஹீட்டர். பழசைப் போன வருஷமே தூக்கிப் போட்டாச்சு. முந்தாநாள்தான் மாட்டினோம்."

ஹீட்டரை மாற்றியிருந்தார்கள். புகைக்குழாயை மாற்றவில்லை. குற்றம் எப்போதும் குழாயில்தான் இருந்தது. அது எங்கே போய் முடிகிறது என்று கேட்டேன். மாடியில், அப்பாவின் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் என்றாள். ஜன்னல்? கண்ணாடி உடைந்திருக்கிறது, குளிருக்குப் போர்வையைத் திணித்திருக்கிறோம் என்றாள்.

துணி அடித்துக்கொள்ளும் சத்தம் தொடங்கியது. நான் சற்றுமுன் கேட்ட அதே சத்தம், அதே வரிசையில். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"கதவை உடை. காஸ் வால்வை மூடு. போர்வையைப் பிடுங்கி எறி. ஓடு."

போன் கீழே விழுந்தது. காலடிகள் ஓடின. கதவில் தோள் மோதியது. அம்மா, அம்மா என்ற கூப்பாடு.

குவளை விழுந்து உருண்டது.

மரம் பிளந்தது.

இருபது நிமிடம் நான் அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு நஹ்லா மறுபடி போனை எடுத்தாள். அம்மாவைப் பால்கனிக்கு இழுத்து வந்துவிட்டார்களாம். மூச்சு இருக்கிறதாம், வாந்தி எடுக்கிறாராம், ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாம். அப்பா மாடிக்கு ஏறிக் குழாயைக் கழற்றியிருக்கிறார். உள்ளே முழங்கை நீளத்துக்குச் சுள்ளியும் இறகும்.

நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவள் சொல்லவில்லை.

"போன வருஷம் அக்கா உங்களுக்கு அந்தச் சத்தத்தை அனுப்பினா" என்றாள். "இது சரியான்னு கேட்டிருந்தா. நீங்க கேட்டேன்னு எழுதினீங்க, குடும்பம்னு எழுதினீங்க. அம்மா பயந்துபோய் ஆளைக் கூப்பிடுவோம்னு சொன்னப்போ அக்காதான் தடுத்தா. பாஷ்முஹந்திஸா கேட்டுட்டாங்க, ஆபத்துன்னா சொல்லியிருக்க மாட்டாங்களான்னா. நாலு நாள்ல போயிட்டா."



"அது எதனாலன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த வகுப்புல சேர்ந்தேன். ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரல."

போனை வைத்துவிட்டாள்.

போன வருடப் பதிவுகளில் ரிஹாபுடையதைத் தேடி எடுத்தேன். முப்பத்தொரு விநாடி. அதே குரல், ஆனால் இதில் கோபம் இல்லை, சிரிப்பு இருந்தது. 'இது சரியான சத்தம்தானா, பாஷ்முஹந்திஸா?' என்று முடிந்தது. அதில் குவளை விழவில்லை. இன்று வந்த பதிவைக் கணினியில் தேடினேன். காணவில்லை. என் பெயரில் போன பதில் மட்டும் இருந்தது.

ஷவ்கத்தின் அறைக்குப் போனேன். ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தோலை ஒழுங்காகத் தட்டில் அடுக்கியபடியே கேட்டார். அல்லாஹ் அவள்மேல் இரக்கம் காட்டட்டும் என்றார். விதி என்றார். அந்தப் பதில் மாணவிகளுக்கு நெருக்கத்தைத் தருகிறது, சேர்க்கை கூடியிருக்கிறது என்றார்.

"நீ கேக்காததுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?"

அதுதான் என்னைக் கொன்றது. அவர் சொன்னது உண்மை. பொய்யை எழுதியவர் அவர். அதைப் பொய்யாக்கியவள் நான். தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். வாழ்நாளில் நான் ஒரு பொருளை உடைத்தது அன்றுதான். தானாகப் போகும் பதிலை அவர் நிறுத்தும்வரை நான் அவர் மேசையை விட்டு நகரவில்லை. முணுமுணுத்தபடி என் முன்னாலேயே நிறுத்தினார். கணினி அறையின் சாவியையும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலையே உட்கார்ந்து மீதி எண்பத்தொன்பதையும் கேட்டேன். நான்கு பேரை உடனே கூப்பிட்டு எச்சரிக்க வேண்டியிருந்தது. ஒருத்தியின் எண் உபயோகத்தில் இல்லை.

வகுப்பு அடுத்த ஞாயிறு தொடங்கியது. அறுபத்திரண்டு பதிவுகள் வந்தன. ஒரு நாளைக்கு இருபது என்று கணக்குப் போட்டு, திங்கள் காலை பூட்டைத் திறந்து முதல் பதிவைத் தொடப் போனேன்.

அதற்குப் பதில் போயிருந்தது.

எல்லாவற்றுக்கும் போயிருந்தது. ஞாயிறு மாலை, அறை பூட்டியிருந்த நேரத்தில். ஷவ்கத் ஊரிலேயே இல்லை. ஒவ்வொரு பதிலும் வேறு வேறு. 'மோட்டார் அடியில தண்ணி கசியுது, வெறுங்காலோட போகாதே.' 'உன் ஃபேன் ஒரு பக்கமா இழுக்குது, கீழ குழந்தையைப் படுக்க வைக்காதே.' கஃப்ர் அல்தவ்வார் என்ற ஊரில் ஒருத்திக்கு மூன்று பதில்கள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வயரை எலி கடித்திருக்கிறது என்று முதலாவது. மூன்றாவதில் திட்டே இருந்தது: 'எத்தனை தடவை சொல்றது? பிளக்கைக் கழட்டு.'

பதிவுகளைக் கேட்டுப் பார்த்தேன். மெஷினின் சுழற்சிக்கு அடியில், என் காதுக்கே எட்டாத அளவில், மெல்லிய ஒரு பொரிதல் இருந்தது. மூன்று முறை கேட்ட பிறகே பிடிபட்டது.

எல்லாமே சரியாக இருந்தன. ஒன்றுகூடத் தப்பில்லை.

மாணவிகளுக்கு என்மேல் இப்போது அப்படி ஒரு பிரியம். இவ்வளவு கோபித்துக்கொண்டு திட்டும் வாத்தியாரை நாங்கள் பார்த்ததே இல்லை, அதனால்தான் நம்புகிறோம் என்கிறார்கள். நஹ்லா மட்டும் எதுவும் சொல்வதில்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் கட்டம் கொஞ்ச நேரம் திரையில் இருக்கும். யாரோடோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள்.

நான் இப்போது தொடர்ந்து வரும் ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை கேட்கிறேன். நேற்று மட்டும் காய்ச்சல், பாதியில் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சூப் குடித்துக்கொண்டிருந்தபோது என் சொந்தப் போனுக்கு, நிலையத்தின் எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது.

'இன்னும் பதினேழு பேரைக் கேக்கல நீங்க.'

அறைச் சாவி என் கைப்பைக்குள் இருந்தது.