மலகாவில் மூன்று நாள் உடம்பு

ஸ்பெயினின் மலகா கடற்கரைக் குழாயடியில் நாச்சிமுத்து ஐந்தாவது தம்ளர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். குடித்தது அவன், வாய் மட்டும் ரமோன் என்ற ஸ்பானியனுடையது. பக்கத்தில் நின்று கண் நிறையப் பார்த்த அவன் மனைவி சாருமதியும் ரமோனின் மனைவி இனெஸின் உடம்பில்தான் இருந்தாள்.

விமானங்கள் நின்று இருபது வருஷமாகிறது. இப்போதெல்லாம் வெளிநாடு பார்க்க வேண்டுமென்றால் உடல்மாற்றகத்தில் பதிய வேண்டும். அங்கிருந்து ஒரு ஜோடி இங்கே, இங்கிருந்து ஒரு ஜோடி அங்கே; மனசு மட்டும் போகும், உடம்பு ஊரிலேயே இருக்கும். ஒவ்வொருவர் பின்கழுத்திலும் 'இழுவில்லை' என்று ஒரு சின்ன வட்டத் தகட்டை ஒட்டியிருப்பார்கள். அது, மூன்றாம் நாள் மலகாவில் நண்பகல் பன்னிரண்டு அடித்ததும் அவரவரை அவரவர் உடம்புக்குள் இழுத்துப் போட்டுவிடும்.

நாச்சிமுத்துவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ், தண்ணீர்கூட அளந்துதான். நோயாளிக்கு உடல்மாற்றம் கிடையாது என்றார்கள். சாருமதி விடுவாளா? பரிசோதனைக்குத் தன் அண்ணன் ரத்தத்தைக் கொடுத்தாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கை நரம்பைச் சின்ன வயதுக் காயம் என்று படிவத்தில் எழுதினாள். ஒரு தடவை டயாலிசிஸ் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். புருஷன் வயிறாரத் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க ஆசை, வேறென்ன!

அன்று மூன்றாம் நாள். காலை பதினோரு மணிக்குக் கைப்பேசி அடித்தது. திரையில் சாருமதியின் முகமே தெரிந்தது. பேசியது அவர்கள் ஊரான பொள்ளாச்சியில், அவள் உடம்பில் இருக்கும் இனெஸ். கைப்பேசியின் மொழிமாற்றி அவள் பேச்சைத் தமிழாக்கியது.

"ரமோனுக்குக் கால்கள் துவள்கின்றன. நெஞ்சு விட்டு விட்டு அடிக்கிறது. உங்கள் கணவருக்கு ஏதாவது நோய் உண்டா?"

"என்ன சாப்பிட்டாருங்க?"

"உங்கள் ஊர் இளநீர்தான். மூன்று நாளும் அதையேதான் குடித்தார். இன்று மட்டும் ஒன்பது."

சாருமதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இளநீரில் இருக்கும் பொட்டாசியத்தை அந்த உடம்பால் வெளியேற்ற முடியாது. ஏறிக்கொண்டே போய் இதயத்தை நிறுத்திவிடும். உண்மையைச் சொன்னால் ஒருவேளை ரமோன் பிழைப்பான். ஆனால் நோயை மறைத்தது தெரிந்த நொடியே உடல்மாற்றகம் அவரவரை அவரவர் உடம்புக்கே திருப்பிப் போட்டுவிடும். நிற்கப்போகிற அந்த நெஞ்சுக்குள் நாச்சிமுத்து போய் விழுவான்.

"வெயில்தானுங்க. படுக்க வைங்க, சரியாயிரும்," என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

நாச்சிமுத்து பின்னாலேயே நின்றிருந்தான்.

"ஃபோனக் குடு அம்மணி. நான் சொல்லிப்போடறேன்."

"மாட்டேனுங்க."

"அந்த மனுசன் என்ன பாவம் பண்ணுனான்? என்ற சாவு அவனுக்கெதுக்கு?"

"எனக்கு நியாயமெல்லாம் தெரியாதுங்க. யார் செத்தாலும் எனக்கு நீங்க வேணும்!"

அவன் பிடுங்க வந்தான். அவள் கைப்பேசியைக் கடலில் வீசிவிட்டாள். மொழிமாற்றியும் அதோடு போயிற்று. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நாச்சிமுத்து கையை ஆட்டி ஆட்டித் தமிழில் கெஞ்சினான். சாருமதி அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். ஏதோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அவன் ஓய்ந்துபோய் மணலில் உட்கார்ந்தான்.

"செத்த உடம்புக்கு இழுவில்லை இழுக்காதுங்க," என்றாள். "நீங்க இங்கயே இருப்பீங்க. முப்பது வயசு உடம்பு. தண்ணி எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான்.

"நான் இருப்பேன். உன்ற உடம்பு நல்லாத்தானே இருக்குது, அம்மணி?"

அடப்பாவமே, அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. "ஏனுங்க, என்னையப் பிடிச்சுக்குங்க, விட்டுறாதீங்க!" என்று அவன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் இருந்தாள். இனெஸ் அழுத அழுகையில் தொண்டை கம்மியிருந்தது. எதிரே கட்டிலில் நாச்சிமுத்துவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். உடல்மாற்றக அதிகாரி ஒரு படிவத்தோடு நின்றார்.

"அவர் அங்க உசுரோட இருக்காருங்க!" சாருமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னையத் திருப்பி அனுப்புங்க!"

"மாத்திக்க அங்கிருந்து ஒருத்தர் வரணுமேம்மா. நோயை மறைச்சவங்களுக்கு இனி அனுமதியும் கிடையாதுங்க."

"அப்ப அவரு?"

"சட்டத்துக்கு உடம்புதாங்க ஆளு. அங்க அந்த இனெஸம்மா தன்னோட வீட்டுக்காரர் உடம்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் உடம்பு இதோ இருக்குது." அவர் பேனாவை நீட்டினார். "பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."