உறுமி நின்றபோது

ரதி அக்காவுக்கு அம்மன் வந்துவிட்டாள் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளுடைய தங்கை லோஷினி மட்டும் அக்காவின் உதட்டைப் பார்த்தாள்.

காலையில் இருந்ததைவிட அந்த உதடு இரண்டு மடங்கு வீங்கியிருந்தது.

மலேசியாவில் கோலா சாவாவுக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. பதினெட்டு வயது ரதி அக்கா முதல் முறையாகப் பால்குடம் எடுக்கிறாள். பதினொரு வயது லோஷினி கூடவே நடந்து வந்தாள். லோரிப் பாதை திரும்பும் இடத்தில் அக்கா தள்ளாடினாள். பக்கத்தில் வந்த அத்தை ஒருத்தி குடத்தைத் தாங்கிப் பிடித்தாள். அக்கா முட்டி போட்டு விழுந்தாள்.

"வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!"

உறுமி மேளம் வேகம் பிடித்தது. பூசாரி அமிர்தலிங்கம் மாமா விபூதியை அள்ளி அக்காவின் நெற்றியில் பூசினார்.

"யாரு தாயே வந்திருக்கிறது? சொல்லு!"

அக்கா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப உக்கிரமா இருக்கா. தண்ணி ஊத்துங்க!" என்றார் மாமா.

ஒரு குடம் தண்ணீர் அக்காவின் தலையில் விழுந்தது. கைகளில் பூசியிருந்த மஞ்சள் கரைந்து ஓடியது. லோஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த மஞ்சளைக் காலையில் பூசிவிட்டதே அவள்தான். அப்போது அக்காவின் கைகள் வழவழவென்று இருந்தன. இப்போது தோள்வரை தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தன.

பத்து நிமிடத்துக்கு முன்னால் நடந்தது ஞாபகம் வந்தது. குடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வேப்பிலையிலிருந்து ஒரு குளவி பறந்து வந்தது. அக்கா 'ஸ்ஸ்' என்று கழுத்தைத் தட்டினாள்.

"கொட்டிருச்சாக்கா? குடத்த இறக்கு, பாக்கலாம்."

"கோயில் வர்ற வரைக்கும் இறக்கக் கூடாதுடி. சும்மா நட."

பள்ளியில் செம்பிறைச் சங்க முதலுதவி வகுப்புக்கு லோஷினி போவதே அங்கே குடிக்கத் தரும் மைலோவுக்காகத்தான். ஆனாலும் ஒன்று மட்டும் மண்டையில் ஏறியிருந்தது. குளவி கொட்டிய பிறகோ, ஒத்துக்கொள்ளாத எதையாவது தின்ற பிறகோ, உடம்பில் தடிப்பு வந்து மூச்சும் முட்டினால் காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் ஊசி போடவில்லை என்றால் ஆள் செத்துப்போகலாம்.

செத்துப்போகலாம். அக்கா.

"அம்மா! இது சாமி இல்லம்மா! குளவி கொட்டிருச்சும்மா!"

அம்மா கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷ அழுகை. "அப்படிச் சொல்லாதடி! கன்னத்துல போட்டுக்க!"

லோஷினி பூசாரியின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "மாமா, அவளால மூச்சு விட முடியல!"

"சாமி வந்தா அப்படித்தான் மூச்சு வாங்கும். சின்னப் பிள்ளைக்கு என்னா தெரியும்? தள்ளிப் போ லா."

அங்கே முப்பது பெரியவர்கள் இருந்தார்கள். முப்பது பேரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தேவன் அண்ணன் ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே, மறு கையால் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்று லோஷினிக்குப் புரிந்தது. அவள் கூட்டத்துக்குள் புகுந்து, உறுமி வாசிக்கும் புனிதன் அண்ணனிடம் போய், இரண்டு உள்ளங்கையையும் உறுமித் தோலின்மேல் அழுத்தினாள். குச்சி அவள் விரலில் விழுந்தது. வலித்தது. கையை எடுக்கவில்லை.

"ஏய்! பைத்தியமா உனக்கு? உறுமியத் தொடாத லா!"

உறுமி நின்றது. மற்ற மேளங்களும் ஒவ்வொன்றாக நின்றன.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. 'ஈ... ஈ...' என்று, ஓட்டை சைக்கிள் டியூபிலிருந்து காற்று போவதுபோல. அக்காவின் தொண்டையிலிருந்து வந்தது அது.



"ஐயோ, இது சாமி சத்தம் இல்ல," என்றார் புனிதன் அண்ணன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். அலறினாள். நாலு பேர் ஓடிவந்து அக்காவைத் தூக்கப் பார்த்தார்கள். "மோட்டர்ல உக்கார வை! கிளினிக் போயிரலாம்!"

"நிக்க வைக்காதீங்க!" என்று கத்தினாள் லோஷினி. தேவன் அண்ணனின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"லைவ் ஓடுது பிள்ள!"

"ஓடட்டும்!" அவள் அவசர உதவி எண் 999 அழுத்தினாள்.

மலாய்ப் பாடத்தில் எப்போதும் குறைந்த மார்க் வாங்குகிறவள் அவள். அன்றும் தப்புத் தப்பாகத்தான் பேசினாள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்த பெண்ணுக்கு எல்லாம் புரிந்தது. குளவி, தடிப்பு, வீக்கம், மூச்சு, எந்தத் தோட்டம், எந்தத் திருப்பம். அந்தப் பெண் சொல்லச் சொல்ல லோஷினி திருப்பிச் சொன்னாள்.

"படுக்க வைக்கணும். மூச்சு ரொம்ப முட்டினா தலைய மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும். கால உசத்தி வைக்கணும். குடிக்க ஒண்ணும் குடுக்கக் கூடாது."

"கால எதுமேல வைக்கிறது?" அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

புனிதன் அண்ணன் உறுமியைத் தோளிலிருந்து கழற்றி அக்காவின் காலடியில் வைத்தார்.

"மேளத்துமேல காலா?" யாரோ பதறினார்கள்.

"பேசாம இரு லா," என்றார் அவர். அக்காவின் இரண்டு காலையும் அவரே எடுத்து அதன்மேல் வைத்தார்.

ஆம்புலன்ஸுக்கு வழி காட்டத் தேவன் அண்ணன் மோட்டர் சைக்கிளில் பெரிய சாலைக்குப் பறந்தார். பதினாறாவது நிமிடம் அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் அக்காவின் உதடு நீலமாகியிருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

அதிலிருந்து மருத்துவ உதவியாளர் ஒருவர் இறங்கி ஓடி வந்தார். அக்காவின் தொடையில் ஊசியைக் குத்தினார். மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது ஊசி.

அந்த 'ஈ' சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள்.

யார் கூப்பிட்டது என்று அவர் மலாயில் கேட்டார். அத்தனை பேரும் லோஷினியைக் காட்டினார்கள். அமிர்தலிங்கம் மாமாவும் காட்டினார். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு.

மாலையில் மருத்துவமனைக் கட்டிலில் அக்காவுக்குக் கரகரவென்று குரல் வந்தது.

"யாரு வந்திருக்கிறதுன்னு மாமா கேட்டாரே..."

"ஆமா?"

"'குளவி'ன்னு சொல்லத்தான்டி வாயத் திறந்தேன்."

லோஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று ஓவென்று அழுதாள். அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நான் கண்ணத் திறந்து பாத்திருக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருடத் திருவிழா. ரதி அக்கா மறுபடியும் பால்குடம் எடுத்தாள். லோஷினியின் தோளில் ஒரு சிவப்புப் பை. அதற்குள் டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசிப் பேனா, குளவி கொட்டினால் உடனே தொடையில் குத்துவது.

புறப்படுவதற்கு முன் அவள் ஒவ்வொரு வேப்பிலைக் கொத்தையும் வாங்கி நன்றாக உதறினாள். வரிசையில் கடைசியாக நின்றார் அமிர்தலிங்கம் மாமா. தன் கையிலிருந்த கொத்தை அவளிடம் நீட்டினார். ஒரு எறும்புதான் விழுந்தது.

புனிதன் அண்ணன் குச்சியை ஓங்கியபடி அவளைப் பார்த்தார். "என்னா தங்கச்சி, அடிக்கலாமா?"

லோஷினி ஒருமுறை அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப அடிங்கண்ணே!"