தட்டி நேராக்கிய தலை

ராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில்தான் அவர் அவளைத் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தார். சாவியை எங்கே வைத்தோம், கல்யாண நாள் என்றைக்கு என்பதெல்லாம் அவருக்கு மறக்கும். காசு விஷயம் மறக்காது. பழைய நாணயங்கள் வாங்கி விற்பவர். கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் தொங்குவதால் சந்தையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சொந்தப் பெயர் மனைவிக்குத் தெரியும், ஆனால் அவளும் ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவாள்.

முப்பது வருஷத்துக்கு முன்பு யாரோ தரம் பார்த்து, மதிப்பெண் சீட்டோடு, தெளிவான கனத்த பிளாஸ்டிக் டப்பியில் வைத்து மூடி ஒட்டிய வெள்ளிக்காசு அது, அதில் அச்சான தலைதான் ராணி. தொழிலில் இந்த டப்பிக்கு ஸ்லாப் என்று பெயர். பழைய ஸ்லாப்களில் காசு இறுக்கமாக உட்காராது. ஆட்டினால் டக் டக் என்னும். நாளாவட்டத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டு தலை சாயும். விளிம்பை உள்ளங்கையில் தட்டினால் ஒரு நூல் திரும்பும், இன்னும் நாலு தட்டினால் தலை நேராகிவிடும். டப்பியை உடைக்க மட்டும் கூடாது, பழைய சீட்டுக்கென்றே கூடுதல் விலை கொடுக்கும் கிறுக்கர்கள் இருக்கிறார்கள். அந்தக் கிறுக்கர் சங்கத்துக்குத் தேர்தல் வைத்தால் அவர்தான் தலைவர்.

ஆனால் யாரும் தொடாமல், மேஜை மேல் கிடந்த காசு, காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் இவ்வளவு சாயாது.

வெளியே மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தின் சாம்பல் வெளிச்சம், ஈரச் சுவரின் வாடை, அதற்கு மேல் தைல வாடை. திறந்த கதவு வழியே அடுத்த அறை தெரிந்தது. ஜன்னலோர நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பக்கவாட்டு முகம் கதவுச் சட்டத்துக்குள், கொண்டையும் மூக்குமாக, யாரோ அச்சடித்து வைத்ததுபோல் இருந்தது.

“ஏங்க, அந்தத் தைலத்த இன்னொரு தடவ தேச்சு விடுங்க. கழுத்து ஒரு பக்கமா இழுக்குது.”

“தலைகாணிய மாத்துன்னா கேக்குறியா?”

“தலைகாணி இருபது வருஷமா அதேதான். நீங்களும் அதேதான். ரெண்டுல எதை மாத்தறதுன்னுதான் யோசிக்கிறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே டப்பியை எடுத்து உள்ளங்கையில் தட்டினார்.

டக். ராணி ஒரு நூல் நிமிர்ந்தாள்.

“அம்மா!” என்றாள் மனைவி.

திரும்பிப் பார்த்தார். கழுத்தைப் பிடித்திருந்தாள். தலை ஒரு நூல் சாய்ந்திருந்தது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டார். இன்னொரு தட்டு. இன்னொரு “அம்மா!” அதோடு விட்டிருக்கலாம். எதையும் மூன்று முறை பார்க்காமல் நம்பாத பாழாய்ப்போன தொழில் புத்தி. மூன்றாவதாக, நகத்தால் தொட்டதுபோல, அவ்வளவு மெதுவாகத் தட்டினார்.

அவள் கை பட்டு டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. மோவாய் தோளைத் தொட்டிருந்தது.

ஓடிப்போய்க் கழுத்தைத் தாங்கினார், தைலம் தேய்த்தார், துண்டைச் சுருட்டி அண்டக் கொடுத்தார்.

“வலி குறைஞ்சிருக்கா?”

“இருக்கு. நீங்க ஏன் அழறீங்க?”

“தைலம் கண்ல பட்டுருச்சு.”

வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்கு வலி தொடங்கியது. வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் காசை வாங்கினார். விற்றவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா, மனைவியை இழந்தவர். தளும்பும் கிண்ணம்போல் டப்பியை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, பாதி விலைக்குத் தந்து, “தட்டாதீங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். கழுதைக்குக் கத்தச் சொல்லித் தருகிறாரே என்று அன்று வேடிக்கையாக இருந்தது.

இப்போது மேஜைக்குத் திரும்பி அவருக்குப் போன் போட்டார்.

“தட்டிட்டீங்களா?” என்றார் குமாஸ்தா, எடுத்த எடுப்பில்.

“உங்க வீட்டம்மா எப்படி...”

“தூக்கத்துல போயிட்டாங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கோம்.” மூச்சு இரைத்தது. “எனக்கு எதுவும் நேரா இருக்கணும் தம்பி. படம், மேஜை, பேனா, எல்லாமே. அந்த ராணி சாயச் சாயத் தட்டிக்கிட்டே இருந்தேன். அவ கோணல் எங்க போகுதுன்னு பார்க்கல.”

“உடைச்சுப் போட வேண்டியதுதானே?”

“சுத்தியல எடுத்தேன். ஒரு மூலைலதான் விரிசல் விட்டது. பக்கத்து அறையில என் சம்சாரத்துக்கு... அந்தச் சத்தத்த நான் கேட்டிருக்கக் கூடாது.”

“தெரிஞ்சே என் தலையில கட்டுனீங்களா?”

“எனக்கு ஒரு மக இருக்கா தம்பி.”

போன் வைக்கப்பட்டது.

மழை நின்றது. அப்போதுதான் கேட்டது. மேஜை மேல், யாரும் தொடாமல், டக். ராணி மறுபடி ஒரு நூல் சாய்ந்தாள். தட்டு என்கிறாள். தட்டி நிமிர்த்து என்கிறாள். அவருடைய கை தானாக எழுந்தது. முப்பது வருஷப் பழக்கம். கோணல் காசைப் பார்த்தால் அரிக்கும் கை. அதை மறு கையால் பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“அவ தலையத் திருப்ப நானே முப்பது வருஷமா முயற்சி பண்றேன், நடக்கல” என்றார் டப்பியிடம். “நீ யாருடி?”

டக்.

“கோணலாவே கெட. தட்ட மாட்டேன்.”

அதற்குப் பிறகு எந்தக் காசு வியாபாரியும் செய்யாத காரியத்தைச் செய்தார். அலமாரியிலிருந்து உடனே ஒட்டும் பசையை எடுத்தார். டப்பியை அசைக்காமல், மூலை விரிசலில் குழாயின் நுனியை வைத்துப் பிதுக்கினார். பசை உள்ளே ஊர்ந்தது. காசின் விளிம்பைச் சுற்றி நிறைந்தது. அவருடைய ஆறு மாத வருமானம் அதில் செத்தது. மூக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளே பசையின் ஆவி வெள்ளையாகப் பூத்து, பனிபோல் ராணியை மறைத்தது.

காத்திருந்தார்.

சத்தமில்லை.

டப்பியை எடுத்து ஆட்டினார். சத்தமில்லை. கல்போல் இறுகியிருந்தது.

“பார்த்தியா?” என்றார். குரல் உடைந்து சிரிப்பு வந்தது. “பூதக்கண்ணாடிகிட்டயேவா?”

லென்ஸைக் கண்ணில் வைத்தார். வெள்ளைப் பூச்சுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் தெளிவாக இருந்தது. நெற்றி. மூக்கு. மோவாய்.

ராணி நேராக இருந்தாள்.

ஒரு நூல்கூடச் சாயாமல், சீட்டுக்குக் கீழே, நேராக.

கோணலாகத்தானே ஒட்டினார்.

டக்.

மேஜையிலிருந்து அல்ல.

“ஏங்க.” மனைவியின் குரல். நிதானமாக, வழக்கம்போல. “வலி போயிருச்சுங்க.”

அவர் தலையைத் தூக்கினார். கதவுச் சட்டம். ஜன்னல். நாற்காலி. மடியில் கோத்த அவள் கைகள். கைகளுக்கு மேலே தோள், தோளுக்கு மேலே...

கொண்டை கீழே இருந்தது. மோவாய் மேலே.

“மணி என்னங்க ஆச்சு?” என்று அந்த வாய் கேட்டது.

அவர் ஓடவில்லை. அறைக்குள் நடந்தார். நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தக் கன்னங்களைப் பிடித்தார். சூடாக இருந்தன. தைல வாடை.

“விட மாட்டேன்” என்றார். “என்ன ஆனாலும் விட மாட்டேன்.”

அவள் கண்கள், மூக்குக்குக் கீழிருந்து, அவரை அன்பாகப் பார்த்தன.

டக்.

கை இறுகப் பிடித்தபடியே இருந்தது. பிடித்த கைக்குள்ளேயே அந்தத் தலை, ஒரு நூல், திரும்பியது.