ஷட்டரில் எழுத ஒரு பெயர்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்பதால், தெருவே அவளை 'ஏன்குட்டி' என்றுதான் கூப்பிடும்.

அவளுடைய அம்மா சைக்கிள் மெக்கானிக். கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். நாளையிலிருந்து கடை நாலு தெரு தள்ளி, ஒரு சந்துக்குள்ளே. 'பழகினவங்க எப்படித் தேடி வருவாங்க?' என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

"வெப்சைட் ஆரம்பிப்போம்மா" என்றான் அண்ணன். "வழி, போன் நம்பர் எல்லாம் அதுல இருக்கும். இடிக்கிற வரைக்கும் பழைய ஷட்டர்ல அதோட பேரை மட்டும் எழுதி வெச்சிடலாம்."

"ஏன், வழியையே எழுதக்கூடாதா?"

"பஸ்ல போறவங்களும் படிக்கணும்ல? ஒரு வரிதான் பெரிசா எழுத முடியும்."

பெயிண்டர் வந்துவிட்டார். அண்ணன் பெருமையாகச் சொன்னான்: "நவீன மிதிவண்டிப் பழுதுநீக்கும் நிலையம்!"

பெயிண்டர் ஷட்டரைச் சாண் போட்டு அளந்தார். "தம்பி, பாதிப் பேரைப் பக்கத்துக் கடையிலதான் எழுதணும்."

"அப்போ வெறும் 'சைக்கிள்'?" அண்ணன் கணினியில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "யாரோ எடுத்துட்டாங்க. ஒரு பேரு ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்."

நம்மைத் தேடுகிறவர்கள் எதைத் தட்டுவார்கள்? ஏன்குட்டிக்கு மண்டை குடைந்தது. தையல்கடை அத்தையிடம் ஓடி, அண்ணன் வைத்த பெயரைச் சொன்னாள். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து, "என்ன பேரு சொன்னேன்?" என்று கேட்டாள்.

"நவீன... என்னமோ நிலையம்?"

"சரி, உங்க சைக்கிள் கெட்டுப்போனா எங்கே போவீங்க?"

"இது என்ன கேள்வி? பஞ்சர் அக்காகிட்டதான்!"

பேப்பர் போடுகிறவரும் அதையே சொன்னார். பள்ளிக்கூட வாட்ச்மேனும் அதையே சொன்னார்.

ஏன்குட்டி வந்து சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "பிரேக், கியர், செயின்னு எல்லாம் பார்க்கிறேன். கடைசியில நான் வெறும் பஞ்சரா?"

ஏன்குட்டிக்குப் பாவமாக இருந்தது. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னைக் கேட்டாம்மா ஏன்குட்டின்னு வெச்சாங்க? முதல்ல எனக்கும் கோபம்தான். இப்போ யாராவது அப்படிக் கூப்பிடலைன்னா ஒரு மாதிரி இருக்கு. அப்புறம், தையல்கடை அத்தை என்ன கேட்டாங்க தெரியுமா? 'பஞ்சர் அக்கா எங்களை விட்டு ரொம்ப தூரம் போயிட மாட்டாங்களே?'ன்னு கேட்டாங்க."

அம்மா கொஞ்ச நேரம் கிரீஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அந்தப் பேரு காலியா இருக்கான்னு பாரு" என்றார்.

அண்ணன் தட்டினான். "இருக்கு! எடுத்துட்டேன்!"

"அப்பாடா! பெயிண்ட் காயறதுக்குள்ள முடிவு பண்ணீங்களே" என்று பெயிண்டர் தூரிகையை எடுத்தார்.

மூன்று நாள் கழித்து, புதுக் கடையில் முதல்முறையாக போன் அடித்தது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"வணக்கம்... பஞ்சர் அக்கா பேசறேன்!"