மைலோ டின்னில் கலந்த மாத்திரை

பவுனம்மாள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த தம்புசாமி கையை நிறுத்தினார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் மழைக்கு முந்திய புழுக்கம். சாக்கடை வாடையும் யார்டிலிருந்து வரும் டீசல் புகையும் ஒன்றாய்ச் சேர்ந்து வீட்டுக்குள் தேங்கிக் கிடந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் இராஜம்மா மிளகாய் இடிக்கிற சத்தம் டங் டங் என்று வந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டியே ஆயுசைக் கழித்த மனுஷன் தம்புசாமி. இரும்பு நல்ல இரும்பா, உள்ளே விரிசலா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். மனுஷர் பேச்சை நம்பமாட்டார், சத்தத்தை நம்புவார்.

பவுனம்மாள் வாய் அசைந்தது. முறுக்கு குறைந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"முறுக்கு நமுத்துப்போச்சா?"

"தெரியலீங்க. மெதுவாத்தான் இருக்கு."

ஒன்றை எடுத்துக் கடித்தார். கடக்கென்று உடைந்தது.

"வாயத் தொற."

"எதுக்கு? பொண்ணு பாக்க வந்தப்பகூட பல்ல பாக்கல, இப்பத்தான் பாக்கறீங்களா?"

சிரித்தபடியே திறந்தாள். முன்பல்லை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். அது வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி உள்பக்கம் வளைந்தது. விரலை எடுத்ததும் மெல்ல மெல்லத் திரும்பி வந்து நின்றது.

"வலிக்குதா?"

"இல்லையே. ஏன்?"

அவர் கண் தானாக அலமாரிக்குப் போனது. அங்கே மாத்திரை போட்டு வைத்திருந்த அந்த மைலோ டின் இருந்தது.

பவுனம்மாளுக்குப் பித்தப்பையில் கல். கிள்ளானில் இருந்த அவள் அக்கா அதே கல்லுக்குக் கத்தி வைக்கப் போய் உயிரோடு வீடு திரும்பவில்லை. அதனால் செத்தாலும் கத்தி வேண்டாம் என்று அழுதாள். அந்த நேரத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயராஜ் வலை விரித்தான். "கத்தி இல்லாமலே கல்லைக் கரைக்கலாம் அங்கிள். ஆராய்ச்சி நடக்குது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

தெரியாதாம்! தெரியாதவன் எதுக்குடா டாக்டரு? தம்புசாமிக்கு அன்றைக்கே எரிந்தது. பக்கத்து வீட்டு இராஜம்மாவுக்கும் அதே கல், அதே ஆராய்ச்சி. இரண்டு பேர் புட்டியையும் வாங்கினார், பானத் தூள் தீர்ந்த காலி மைலோ டின்னில் ஒன்றாய்க் கொட்டினார், குலுக்கினார், சரிபாதியாகப் பங்கு போட்டார். அந்த லைன் வீடுகளில் எல்லாமே பங்குதான். கோயில் கிடா, இருமல் மருந்து, கண்ணுக்கு விடும் சொட்டு, எதுவும் ஒரு வீட்டோடு நிற்காது. "மாவு குடுத்து ஏமாத்துவானுங்க. இப்படின்னா ரெண்டு பேருக்கும் பாதி மருந்தாச்சும் போவும்லா." புருஷன் போன பிறகு எதற்கும் அவரையே கேட்கும் இராஜம்மா சிரித்தாள். "அண்ணே மூளையே மூளை!"

இரண்டு பேருக்கும் கல் போய்விட்டது. படம் பிடித்துப் பார்த்து ஆஸ்பத்திரியே சந்தோஷப்பட்டது.

பல் வளைந்த மறுநாள் காலையில் பவுனம்மாளை மினி பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனார். கவுண்டரில் இருந்த மலாய் நர்ஸ், "பக்சிக், துங்கு டுலு" என்று காத்திருக்கச் சொல்லிப் பெஞ்சியைக் காட்டினாள். காத்திருந்தார். கூப்பிட்டபோது ஜெயராஜ் பழைய படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க அங்கிள், கல்லே இல்ல! ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

"பல்லு வளையுது டாக்டர்."

"பல்லுன்னா டென்டல்லா. கீழ போங்க."

கீழே போனார். மேலே இருந்து சீட்டு வாங்கி வந்தால்தான் வாயைத் திறந்து பார்ப்பார்களாம். மேலே போனார். சீட்டு எழுதுகிற ஆள் சாப்பிடப் போயிருந்தான். திரும்பக் கீழே. மருந்து மேலே கொடுத்தது, மேலேயே கேளுங்கள் என்றார்கள். படி ஏறி ஏறி முட்டி விட்டுப்போயிற்று. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் பெஞ்சியில் பவுனம்மாள் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தாள். முதலில் தோள், பெஞ்சியின் சாய்வுப் பலகைக்குக் கீழே. அப்புறம் கழுத்து. கடைசியில் முகவாய் மார்பில் அழுந்திக் கிடந்தது, பாதி அரிசி கொட்டிய சாக்கு மாதிரி.

"நேரா உக்காரு."

"நேராத்தாங்க உக்காந்திருக்கேன்."

வேறு வழியில்லாமல் ஜெயராஜிடம் டின்னைப் பற்றிச் சொன்னார். அவன் முகம் செத்துப்போயிற்று.

"கலந்தீங்களா? அங்கிள், என் ஆராய்ச்சியையே கெடுத்துட்டீங்களே!"

"ஆராய்ச்சிய விடுய்யா. என் பொண்டாட்டி?"

"அதுல ஒண்ணு வெறும் மாவாத்தான் இருந்திருக்கும் அங்கிள். மாவு என்ன செய்யும்? மொதல்ல அந்த டின்ன கொண்டாங்க. கொண்டாந்தாத்தான் பாக்க முடியும்."

கதவைச் சாத்திக்கொண்டான்.

டாக்சிக்குத் தூக்கிப் போகும்போது அவள் தோளில் கனக்கவில்லை, தொங்கினாள். நனைந்த வேட்டியைப் போல இரண்டு பக்கமும் வழிந்தாள். டாக்சிக்காரன் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் பார்க்கவேயில்லை.

வீடு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமே இருட்டிவிட்டது. அவளைப் பாயில் கிடத்தினார். டின்னை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், இப்போதே ஓடினால் காப்பாற்றிவிடலாம் என்று அலமாரியில் கை வைத்தபோதுதான் அது காதில் விழுந்தது. இராஜம்மா இடிக்கிறாள். டங் இல்லை. தொப். ஈரத்தின் மேல் ஈரம் விழுகிற மாதிரி, தொப், தொப்.

நின்றது.

மழை மட்டும். தகரத்தின் மேல்.

அப்புறம் அடுத்த வீட்டுக் கதவு. திறக்கிற சத்தம் இல்லை. நடக்கிற சத்தம் இல்லை. ஏதோ இழுபடுகிறது. சிமெண்டுத் தரையில். ஈரச் சாக்கு இழுபடுகிற மாதிரி. மெதுவாக.

இவர் வாசல் வரை.

தம்புசாமி டின்னோடு ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார். கதவுக்கு அடியில் மழைத்தண்ணீர் வெளியே போக ஒரு விரல் சந்து விட்டிருந்தது. அவரே அறுத்துவிட்ட சந்து.

"அண்ணே."

குரல் கீழேயிருந்து வந்தது. தரையோடு தரையாக.

"இராஜம்மா... எழுந்து நில்லு. கதவத் தொறக்கறேன்."

"வேணாம்ணே. நானே வரேன்."

சந்துக்குள் விரல்கள் வந்தன. தட்டையாக. நகம் வந்தது. உள்ளங்கை வந்தது. மணிக்கட்டு வந்தது. செம்புக் காப்பு மட்டும் வரமுடியாமல் வெளியில் சிக்கி, கழன்று, உருண்டது. கிணிங். அதற்குப் பின்னால் முழங்கை. நரைத்த தலைமயிர். நெற்றி, தோசை மாவு பரவுவது போல.

ஒரு கண்.

"என் பங்குண்ணே."

மீதி மாத்திரை கலகலக்க டின் கையை விட்டு நழுவியது. பாய்ப் பக்கமாக உருண்டது. அவர் எடுக்கக் குனிந்தார். குனிய முடியவில்லை. கணுக்காலை ஏதோ சுற்றியிருந்தது. வெதுவெதுப்பாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பவுனம்மாளின் கை.

"பாவம்க்கா அவரு," என்றாள் பவுனம்மாள், கதவுப் பக்கம் பார்த்து. "நமக்கே பங்கு போட்டாரு. அவருக்குன்னு ஒண்ணுகூட வச்சுக்கலையே."

அவருக்குப் பின்னால் மைலோ டின்னின் மூடி திறந்து தரையில் விழுந்தது.

டங்.

நல்ல இரும்பு.